வங்காள விரிகுடாவில் இரண்டு சைட்

என் மகளின் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பூமியில் கடலும் நிலமும் இடம் மாறிக்கொண்டால் எப்படி இருக்கும், கற்பனை செய்து ஒரு பக்கம் எழுதுக. அவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்கு வந்து, "அம்மா, ஐடியா சொல்லேன்" என்றாள். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

கற்பனையாம், கற்பனை! அந்தப் பூமியை நான் இந்தக் கையால் செய்திருக்கிறேன். மடியில் வைத்து உருட்டியிருக்கிறேன். அதனால் என் வேலையும் போயிற்று, என் சிநேகிதியும் போனாள். இதையெல்லாம் ஆறாங்கிளாஸ் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "மீனெல்லாம் தெருவுல நீந்தும்னு எழுது போ" என்று அனுப்பிவிட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள். அவளுக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூற்றிரண்டில் நான் பத்தாவது பாஸ் பண்ணிவிட்டு பெங்களூர் லிங்கராஜபுரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். காவிரிக் கலவரம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. என்னைத் தூரமாக வேலைக்கு அனுப்ப வீட்டில் பயந்தார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டின் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு உலக உருண்டை செய்கிற பட்டறை அது. அம்மா போய்ப் பேசி என்னை அங்கே சேர்த்துவிட்டாள். நடந்து போகிற தூரம், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம், அது போதும் அவளுக்கு.

உலக உருண்டை எப்படிச் செய்வது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். தர்பூசணியைப் பத்தை போடுகிற மாதிரி உலகத்தைப் பன்னிரண்டு பத்தையாக ஒரு தாளில் அச்சடிப்போம். பிறகு ஒவ்வொரு பத்தையாக வெட்டி, பிளாஸ்டிக் பந்தின் மேல் பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்டவேண்டும். அச்சடிப்பது ஸ்கிரீன் பிரிண்டிங். மரச்சட்டத்தில் சல்லாத் துணி இழுத்துக் கட்டியிருக்கும். ஒரு சட்டத்தில் கடல் இருக்கிற இடம் மட்டும் திறந்திருக்கும், நீல மையை இழுத்தால் கடல் விழும். இன்னொரு சட்டத்தில் நிலம் திறந்திருக்கும், அதில் பழுப்பு மை. மூன்றாவது சட்டம் கறுப்பு, ஊர்ப் பெயருக்கும் கோடுகளுக்கும்.

மூன்று சட்டமும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அடித்து அடித்து எல்லாவற்றிலும் எல்லா மையும் கறையாக ஏறியிருக்கும். அதனால் அடையாளத்துக்குச் சட்டத்தின் மூலையில் ஒரு துண்டுத் துணி கட்டியிருப்போம். கடல் சட்டத்துக்கு நீலத் துணி, நில சட்டத்துக்குப் பழுப்புத் துணி. துணியைப் பார்த்து மையை ஊற்றவேண்டியதுதான். பட்டறையின் வேதம் அந்தத் துணி.

நான் மை இழுப்பேன். அடித்த தாளை எடுத்து ரேக்கில் காயப்போடுவது இன்னொருத்தி. அவள் நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆனாலும் முதல் வாரத்திலேயே வாடி போடி ஆகிவிட்டோம். அவள் வீடு ஒரே அறை, அதில் எட்டுப் பேர். கட்டிலுக்கு அடியில் காலை நீட்டித்தான் தூங்குவாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். "எங்க வூட்ல பொரண்டு படுக்கணும்னா ஓட்டெடுப்பு நடத்தணும் டி" என்பாள். அப்படி ஒரு வாய். அவள் வராத நாளில் பட்டறை செத்த வீடு மாதிரி இருக்கும்.

எங்கள் முதலாளி நல்ல மனிதர், அதை மறுக்கக்கூடாது. கையில் எப்போதும் ஒரு ஸ்கேல் வைத்திருப்பார், ஆனால் யாரையும் அடித்ததில்லை. என்னிடம் அவருக்கு ஒரு தனி நம்பிக்கை. கரையோரக் கோடுகளைப் பிலிமில் பேனாவால் வரைகிற வேலையை மூன்றாம் வருஷமே என்னிடம் கொடுத்துவிட்டார். நார்வே நாட்டுக் கரையை நான் கை நடுங்காமல் இழுப்பேன். "இந்தக் கைய இன்சூர் பண்ணணும்மா" என்பார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வருஷத்து ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் எல்லாவற்றையும் கழுவுவார்கள். கத்தரி, கத்தி, மை டப்பா, ஸ்கேல், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சட்டங்களிலிருந்து பழைய துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் புதுத் துணி கட்டுவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அம்மா கண்டிப்பு. பூஜை நடக்கும்போது நான் வாசலில் நிற்பேன், பொரி மட்டும் வாங்கிக்கொள்வேன், அதையும் வீட்டுக்குப் போகுமுன் தின்றுவிடுவேன். ஆகவே பூஜை வேலையெல்லாம் அவள்தான். சட்டங்களைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, புதுத் துணி கட்டியது அவள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது.

லீவு முடிந்து வந்தோம். முதலாளி ஆர்டர் விஷயமாக ஹூப்ளி போயிருந்தார். நூற்றைம்பது தாள் அடிக்கவேண்டும். நீலத் துணி கட்டிய சட்டத்தை எடுத்து மாட்டினேன், நீலத்தை ஊற்றினேன், இழுத்தேன். சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. அவள் கட்டிய துணி, அதை ஏன் பார்க்கப்போகிறேன்?

பத்தையாக வெட்டிய உலகத்தில் எது கடல், எது நிலம் என்று சட்டென்று புரியாது. அதுவும் நாங்கள் பேசிக்கொண்டே அடிப்போம். நூற்றைம்பது தாளும் அடித்து ரேக்கில் போட்டாயிற்று. மத்தியானம் பழுப்பு அடிக்கலாம் என்று ஒரு தாளை எடுத்துப் பலகையில் வைத்தவள் அலறிவிட்டேன். இந்தியா நீலமாக இருந்தது. கன்னியாகுமரி வரை ஒழுங்காக, கூர்மையாக, நல்ல நீலத்தில் இந்தியா. சுற்றிலும் வெள்ளை.

"அய்யய்யோ, துணிய மாத்திக் கட்டிட்ட டி!"

அவள் ஓடிவந்து பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் அவள் முகம் வெளுத்தது. அந்த மாதம்தான் அவள் அண்ணன் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்து படுத்துக்கொண்டிருந்தான். வீட்டில் சம்பளம் என்று வருவது இவளுடையது மட்டும். தரையில் உட்கார்ந்து வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அழுதாள். "சார் என்னத் தொரத்திடுவாரு டி. போன மாசமே பசைய கொட்டிட்டு திட்டு வாங்கினேன். இதுக்கு மேல என்ன வச்சிருக்க மாட்டாரு."

"சும்னே அழாத. நான் கட்டினேன்னு சொல்லிக்கிறேன். என்ன ஒண்ணும் பண்ண மாட்டாரு" என்றேன். சுலபமாகச் சொன்னேன். பதினெட்டு பத்தொன்பது வயதில் எல்லாம் சுலபம்.

பாழாய்ப்போன தாள் பாழாய்ப் போய்விட்டது. இனி என்ன? அவளைத் தேற்றத்தான் நான் அதைச் செய்தேன் என்று நினைக்கிறேன். இன்னொரு சட்டத்தை மாட்டி, பழுப்பு மையை ஊற்றி, இரண்டே இரண்டு தாளில் கடல் முழுவதையும் நிலமாக அடித்தேன். காயவைத்து வெட்டி இரண்டு பந்தில் ஒட்டினோம். கறுப்பு அடிக்கவில்லை. ஊர்ப்பெயர், நாட்டுப்பெயர் ஒன்றும் கிடையாது. அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

மேசை மேல் வைத்துச் சுற்றிவிட்டோம். அதைப் பார்த்த அந்த நிமிஷம்! உலகமெல்லாம் ஒரே நிலமாக, பசிபிக் முழுக்க ஒரு பெரிய மைதானமாக, நடுநடுவே நீலமாகக் கடல்கள். இந்தியா என்று ஒரு கடல், ஆஸ்திரேலியா என்று ஒரு பெரிய ஏரி. அழுத கண்ணோடு அவள் வாயைப் பிளந்தாள்.

"எவ்ளோ எடம் டி" என்றாள்.

மறுநாள் முதலாளி வந்தார். தாள்களைப் பார்த்தார். ஸ்கேலால் மேசையைத் தட்டிக்கொண்டே, "துணி கட்னது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ பூஜப் பக்கமே வர மாட்டியேம்மா. வாசல்ல நிப்ப. நீ எப்டி கட்டின?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. அவள் என் பின்னால் நின்றிருந்தாள், மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. "பூஜ முடிஞ்சப்புறம் அவுந்திருந்துச்சு சார், நான்தான் திருப்பிக் கட்டினேன். மாதா மேல சத்தியமா" என்றேன். அந்தச் சத்தியத்தை யாரும் கேட்கவில்லை. நானாகப் போட்டேன். என் வாய்க்குத் தெரிந்த பெரிய பூட்டு அதுதான்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "நீ இப்டி செய்வேன்னு நெனைக்கல. சரி போ, இந்த ஒரு தடவதான்" என்றார். தாள்களின் பின்பக்கத்தைப் பிறகு வேறு எதற்கோ பயன்படுத்திக்கொண்டோம். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன் டி" என்றாள். நான் அந்தச் சனிக்கிழமை கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்ச் சத்தியம் செய்தேன் சாமி, ஒருத்தி வேலைக்காக, அவள் கட்டிய துணியை நான் கட்டியதாகச் சொன்னேன் என்றேன். சாமியார் பத்து 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன், விஷயம் முடிந்தது என்று.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்த உலகத்தில்தான் இருந்தோம். மத்தியானம் நான் வீட்டுக்குப் போகாமல் அவளோடு சாப்பிடத் தொடங்கினேன். என் உருண்டையைப் பட்டறைப் பரணில் பழைய அட்டைப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்தேன், வீட்டில் தம்பி உதைத்து விளையாடிவிடுவான் என்று. அவள் தன்னுடையதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். சாப்பாட்டு நேரத்தில் என்னுடையதை இறக்கி நடுவில் வைப்போம்.

எனக்கு அந்த உலகத்தின் கணக்கு பிடிக்கும். பெங்களூர் மூவாயிரம் அடி உயரம். கவிழ்த்துப் போட்டால் மூவாயிரம் அடி ஆழம். அல்சூர் ஏரி ஒரு சின்னத் தீவு. இமயமலைதான் உலகத்திலேயே ஆழமான பள்ளம். இலங்கை ஒரு ஏரி, அந்தமான் குட்டை குட்டையாக. சென்னை மெரினா மட்டும் அதே இடத்தில் இருக்கும். கரை கரைதானே, அது எங்கே போகும்? ஆனால் உட்கார்ந்திருக்கிற ஜனமெல்லாம் மறுபக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கும். காலையில் சூரியன் கடலில் எழும்பாமல் வயலில் எழும்பும். இதை நான் சொன்னபோது அவள் சோற்றுக் கையோடு என் முதுகில் அடித்தாள். "எங்கேர்ந்து டி ஒனக்கு இதெல்லாம் வருது?"

அவளுக்கோ இடம்தான் முக்கியம். இந்த ஊரில் வீட்டுமனைக்குச் சைட் என்று பெயர், யாரைப் பார்த்தாலும் சைட், சைட் என்றுதான் பேச்சு. முப்பதுக்கு நாற்பது சைட், கார்னர் சைட், கிழக்குப் பார்த்த சைட். ஒரே அறையில் எட்டாவது ஆளாகப் படுக்கிறவளுக்கு அந்தப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் அந்த உலகத்தில் எல்லாருக்கும் சைட் எழுதிக் கொடுத்தாள். பஸ் கண்டக்டருக்கு அரபிக்கடலில் ஒன்று. முதலாளிக்கு அட்லாண்டிக்கில் ஒரு லேஅவுட். காவிரியில் தண்ணீர் விடாதவர்களுக்கும் விடு என்றவர்களுக்கும் சேர்த்து, தமிழ்நாடும் கர்நாடகமும் கடலாய்ப் போயிற்று, உப்புத் தண்ணீருக்கு எவன் சண்டை போடுவான் என்றாள். நாங்கள் புரையேறும்வரை சிரித்தோம்.

எங்களுக்கு வங்காள விரிகுடா. என் உருண்டையில் என் பேனாவால் நானே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்தேன். "ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு எனக்கு" என்றேன்.

"நடுவுல காம்பவுண்டு வேணாம் டி" என்றாள். "ஒரே கெணறு, ஒரே துணிக்கொடி. போதும்." மறுநாள் அவள் தன்னுடைய உருண்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்து அதிலும் இரண்டு புள்ளி வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எங்களுக்கு வருமுன் ஊருக்கு வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு டிடிபி போர்டு தொங்கியது. கையால் வரைகிற பிலிம் இனிமேல் வேண்டாம், மிஷினே வரையும், மிஷினே பிரித்துக் கொடுக்கும் என்றார்கள். முதலாளி ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒரு கம்ப்யூட்டர் வாங்கப்போகிறார். ஒருத்தியை மட்டும் சிவாஜிநகரில் ஒரு சென்டருக்கு அனுப்பிப் படிக்கவைப்பார். படித்து வருகிறவளுக்கு வேலை நிரந்தரம். மற்றவர்களுக்கு எவ்வளவு நாள் வேலை இருக்கும் என்று அவருக்கே தெரியாது. ஒளிவு மறைவு இல்லாமல் சொன்னார். அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உன்னத்தான் மனசுல வச்சிருக்கேன்மா. வீட்ல சொல்லி வையி" என்றார்.

நான் ஓடிப்போய் முதலில் யாரிடம் சொன்னேன்? அம்மாவிடம்கூட இல்லை. அவளிடம். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "ஒனக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்" என்றாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவள் தலையில் தேங்காய் எண்ணெய் வாசனை.

நாலு நாள் கழித்து வேலைக்குப் போனால் முதலாளி மேசை மேல் என் உருண்டை இருக்கிறது. பரணில் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அது அங்கே இருப்பது இரண்டே பேருக்குத் தெரியும்.

"இது என்னம்மா?" என்றார்.

நான் அதை எடுக்கக் கை நீட்டினேன்.

"நூத்தம்பது ஷீட்ட வீணாக்கினது தெரியாம நடந்ததுன்னு நெனச்சேன். வெளையாட்டாம்மா? பொம்ம செஞ்சிருக்க. புள்ளி வேற வச்சிருக்க, உன் பேனா எனக்குத் தெரியாதா?" குரலை உயர்த்தவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "பாவம், அந்தப் பொண்ணு சொல்ல மாட்டேன்னுதான் சொல்லிச்சு. நான்தான் கேட்டேன், கம்ப்யூட்டருக்கு இவள அனுப்பறேன், நீ என்ன சொல்றேன்னு. நல்ல பொண்ணு சார், ஆனா கவனம் பத்தாது, வெளையாட்டுப் புத்தின்னு சொல்லி அழுவுது. கடலு எது, நெலம் எதுன்னு பாக்காதவ கைல அவ்ளோ பெரிய மிஷின நான் எப்டிம்மா குடுப்பேன்?"

"நான் கட்டல சார்" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை.

"என்னது?"

"அந்தத் துணிய நான் கட்டல."

அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார். "மாதா மேல சத்தியம் பண்ணியேம்மா. இதே எடத்துல நின்னு. அது பொய்யா, இது பொய்யா?"

என்ன சொல்வேன்? அது பொய் என்றால் மாதா பேரில் பொய் சொல்கிறவள். இது பொய் என்றால் இன்றைக்குப் பொய் சொல்கிறவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் பொய்க்காரி. நான் போட்ட பூட்டு, சாவி இல்லாத பூட்டு. அவளை விட்டால் உண்மை தெரிந்த ஒரே சாட்சி சாமியார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அவர் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது. எவ்வளவு அழகாக மாட்டிக்கொண்டேன் பாருங்கள்! முதலாளி உருண்டையைக் கழிவுக் கூடையில் போட்டார். ஒரு பக்கம் நசுங்கி, பசிபிக் உள்ளே போய்விட்டது.

அவள் பின்பக்கம் குழாயடியில் சட்டம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். அடிக்கவேண்டும், முடியைப் பிடித்து இழுக்கவேண்டும் என்றுதான் போனேன். அவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். பயந்த முகம் இல்லை, அழுத முகமும் இல்லை. ஒரு சலிப்பு.

"அடிப்பாவி, ஏன் டி இப்டிப் பண்ண?"

"நான் என்ன பண்ணேன்? அவரு கேட்டாரு, சொன்னேன்."

"துணிய யாரு டி கட்டினது?"

அவள் தண்ணீரை நிறுத்தினாள். என் கண்ணைப் பார்த்தே சொன்னாள். "நீதானே கட்டினேன்னு சொன்ன?"

அவள் பொய் சொல்கிற மாதிரி சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் அவள் மனதில் அந்தத் துணியை என் கை கட்டிவிட்டிருந்தது. அப்படியே நம்பினாள், அல்லது நம்ப முடிவு செய்திருந்தாள். எட்டுப் பேர், ஒரே அறை, படுத்த படுக்கையாக அண்ணன். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. இன்றைக்கும் புரிகிறது. புரிந்துவிட்டால் வலிக்காது என்று எவன் சொன்னான்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன். எனக்கு அந்தச் சந்தர்ப்பத்தைக்கூட அவள் தரவில்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிட்டுக் குழி பறித்தாள்.

நான் அந்த வாரமே நின்றுவிட்டேன். சும்மா இருக்க முடியாது, ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் ஒயர் முறுக்குகிற வேலை கிடைத்தது. லிங்கராஜபுரத்திலிருந்து ஹெப்பகோடி! விடியுமுன் கிளம்பி மூன்று பஸ். நார்வே கரையை இழுத்த கை சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் முறுக்கியது. நாலு வருஷம் முறுக்கினேன். கல்யாணம் அங்கேதான் அமைந்தது, அதே கம்பெனியில் வேலை செய்தவர். அவரிடம் பட்டறையைப் பற்றிச் சொல்லும்போதுகூட, ஒரு தப்பு நடந்தது, வேலையை விட்டேன் என்றுதான் சொன்னேன். யார் தப்பு என்று சொல்லவில்லை. சொன்னால் இவரும் 'அது பொய்யா, இது பொய்யா' என்று கேட்டுவிட்டால்?

அவள் மேலே மேலே போனாள். கம்ப்யூட்டர் படித்தாள், பட்டறையில் டிசைன் எல்லாம் அவள் கையில் வந்தது, பிறகு தனியாக பேனர் அடிக்கிற கடை போட்டாள் என்று காதில் விழும். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். இல்லை என்று சொல்ல நான் என்ன மரக்கட்டையா?

பத்து வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றாள். பட்டுப்புடவை, கையில் மஞ்சள் தடவிய பத்திரிகை. சொந்த வீடு கட்டியிருக்கிறாள், கிரகப்பிரவேசம். "நீ வரலேன்னா எனக்கு வீடே இல்ல டி" என்றாள். பழைய வாய், பழைய சிரிப்பு. நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு அந்த டம்ளரை இரண்டு தடவை கழுவினேன்.

ஏன் போனேன் என்று கேட்டால், ஒரே ஒரு வார்த்தைக்காகப் போனேன். கூப்பிட்டிருக்கிறாள் என்றால் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். தனியாக ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், அன்னைக்குத் தப்புப் பண்ணிட்டேன் டி என்று சொன்னால் போதும். என் வீட்டுக்காரரையும் சின்னவளாயிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு, வெள்ளித் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன்.

புது லேஅவுட். ஒரு காலத்தில் அது ஏரி. ஆட்டோக்காரர் சொன்னார், "இல்லி கெரே இத்து, மேடம், மண்ணு கொட்டி மூடிட்டாங்க." கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீர் இருந்த இடத்தில் சைட் வாங்கிவிட்டாள்! வீடு அழகாகத்தான் இருந்தது. மாடிப்படி, மார்பிள் தரை, நாலு படுக்கையறை. ஒவ்வொன்றிலும் கையைக் காலை நீட்டிப் படுக்கலாம். அதைப் பார்த்தபோது நிஜமாகவே ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹாலில் கண்ணாடி அலமாரி. அதன் நடுத்தட்டில், கீழே ஒரு பித்தளைத் தாங்கி வைத்து, அந்த உருண்டை.

நீல இந்தியா. பழுப்புக் கடல். பசை கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது, மற்றபடி சுருக்கம் இல்லை. நான் ஒட்டியது, எப்படிச் சுருங்கும்? கிட்டே போய்ப் பார்த்தேன். வங்காள விரிகுடாவில் என் பேனாவின் இரண்டு புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் அப்படியே இருந்தன. அவள் அழிக்கவில்லை. வைத்திருக்கிறாளே, இத்தனை வருஷம் வைத்திருக்கிறாளே, இன்றைக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கடையில் வேலை செய்கிற பெண்கள் நாலைந்து பேர் அலமாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். "மேடம், இது என்ன, எல்லாம் உல்டாவா இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

அவள் சிரித்துக்கொண்டே கதையைத் தொடங்கினாள். பட்டறை, மூன்று சட்டம், நீலத் துணி, பழுப்புத் துணி, ஆயுத பூஜை. நல்ல வாய், சுவையாகச் சொன்னாள். "ஒருத்தி துணிய மாத்திக் கட்டிட்டா. நூத்தம்பது ஷீட்டு! இந்தியா மொத்தமும் தண்ணிக்குள்ள போயிடிச்சு" என்றாள். பெண்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"யாரு மேடம் அது, அப்டி ஒரு கேனச்சி?"

அவள் திரும்பினாள். கூட்டத்துக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்துவிட்டாள். அவள் சிரிப்பு ஒரு கணம் நின்றது. அவர் என் பக்கத்தில், மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு. பத்து வருஷமாக நான் காத்திருந்த கேள்வியை யாரோ ஒரு பெண் என் எதிரில் கேட்டுவிட்டாள். ஒரே ஒரு சொல்தான் வேண்டும், 'நான்' என்று. விளையாட்டாகச் சொன்னால்கூடப் போதும். யாரும் அவளை ஒன்றும் செய்துவிடப் போவதில்லை, வேலை போகாது, வீடு போகாது, வீடு அவளுடையதுதான்.

அவள் வந்து என் தோளில் கையைப் போட்டாள். அதே தேங்காய் எண்ணெய் வாசனை.

"இவதான்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், "இத நீ என்கிட்ட சொல்லவே இல்லையே" என்று. மகள் கைதட்டினாள். நானும் சிரித்தேன், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிரித்துவிட்டு, மகளுக்குத் தலைவலி என்று பொய் சொல்லி, இலையில் உட்காராமல் வந்துவிட்டேன். கிரகப்பிரவேச வீட்டில் கை நனைக்காமல் வருவது என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

மகள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டுக் கொண்டுவந்து காட்டினாள். மீனெல்லாம் தெருவில் நீந்துகிறது. கடைசி வரியில், "இந்த உலகத்தை என் அம்மா ஒரு தடவை துணியை மாற்றிக் கட்டித் தவறாகச் செய்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தாள். அந்தச் சின்ன வயதில் கேட்டதை அவள் மறக்கவில்லை. அவள் அப்பாவும் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த வரியை அடித்தேன்.

"ஏம்மா? நெஜம்தானே?" என்றாள்.

"ஒக்காரு" என்றேன். "அந்தத் துணிய நான் கட்டல."